செயின்சா எங்கே வாங்குவது, யாரிடம் ரிப்பேருக்குக் கொடுப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரிக்கு ஓர் ஒப்பீடு

“பதினாறு இஞ்ச் பாருக்கு ஒரு செயின் குடுங்கண்ணா” என்று கேட்டதும் சுவரில் தொங்குவதை எடுத்துக் கொடுக்கும் கடைகள் உண்டு. “என்ன மெஷினுங்க? பழைய செயின் கொண்டாந்தீங்களா? பார்ல என்ன நம்பர் அடிச்சிருக்கு?” என்று கேட்டுவிட்டுத்தான் கை நீட்டும் கடைகளும் உண்டு. இரண்டாவது வகைக் கடை உங்கள் ஊரிலிருந்து எத்தனை கிலோமீட்டரில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் எந்த மெஷின் வாங்குவது என்றே முடிவு செய்ய வேண்டும்.

காரணம் எளிது. 16 அங்குலம் என்பது பாரின், அதாவது செயின் சுற்றி ஓடும் தகட்டின், நீளம் மட்டும்தான். ஸ்டில் கம்பெனியின் எம்எஸ் 180 மெஷினின் 16 அங்குல பாருக்கு 55 டிரைவ் லிங்க் (பாரின் பள்ளத்தில் ஓடும் பல்) உள்ள செயின் வேண்டும். அதே நீளம், அதே 3/8 லோ புரொஃபைல் பிட்ச் (லிங்க் இடைவெளியின் அளவு) என்றாலும் ஹஸ்க்வர்னா கம்பெனியின் சின்ன மெஷின்களுக்கு 56 லிங்க். 55 லிங்க் செயின் 56 பாரில் ஏறாது. 56 லிங்க் செயினை 55 பாரில் மாட்டினால் டென்ஷன் திருகு கடைசிவரை போயும் தொங்கிக்கொண்டே இருக்கும். இதோடு தடிமனும் சேர்கிறது. பார் பள்ளம் 1.1 மி.மீ. என்றால் 1.3 மி.மீ. செயின் உள்ளே இறங்காது. 1.3 பாரில் 1.1 செயின் இறங்கிவிடும், ஆனால் ஆடும், அறுப்பு ஒருபக்கம் சாயும், பாரின் விளிம்பு சீக்கிரம் தேய்ந்துவிடும். ஸ்டில் செயினில் ஒவ்வொரு டிரைவ் லிங்க்கின் பக்கத்திலும் சின்னதாக ஓர் எண் அடித்திருக்கும்: 1 என்றால் 1.1, 3 என்றால் 1.3, 6 என்றால் 1.6 மி.மீ. அந்த எண்ணைத் தேடிப் பார்க்கும் கடைக்காரர் விஷயம் தெரிந்தவர்.

நம் இரண்டு மாவட்டங்களிலும் செயின்சா வாங்க ஐந்து வழிகள் இருக்கின்றன: கம்பெனி போர்டு போட்ட டீலர், பம்புசெட், ஸ்பிரேயர் விற்கும் விவசாயக் கருவிக் கடை, சேலம் அல்லது பெங்களூரு, ஆன்லைன், பிறகு பழைய மெஷின். முழு வேகத்தில் இந்த என்ஜின் நிமிடத்துக்கு 12,000 முதல் 14,000 சுற்று ஓடும். அந்த வேகத்தில் கார்பரேட்டர் கொஞ்சம் மாறினாலும், எண்ணெய்க் கலவை கொஞ்சம் குறைந்தாலும் பிஸ்டன் போய்விடும். அதனால் மெஷினை விற்கிற கையைவிட அதைப் பிரிக்கிற கைக்குத்தான் நாங்கள் அதிக மதிப்பெண் கொடுக்கிறோம். கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் அந்தக் கணக்கில்தான்.

முதலில் உங்கள் மரம்

கடைக்குப் போகுமுன் எந்த மரம், எத்தனை தடிமன், வருஷத்தில் எத்தனை நாள் என்ற மூன்றையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நல்ல டீலர் இதைத்தான் முதலில் கேட்பார்.

பர்கூர், சந்தூர், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்பில் அறுவடை முடிந்து கவாத்து செய்கிறவருக்கு நான்கிலிருந்து எட்டு அங்குலக் கிளைதான் பெரும்பாலும். 30 முதல் 35 சிசி, 14 அல்லது 16 அங்குல பார், நான்கு கிலோ சுமாரான எடை போதும். எம்எஸ் 180 இந்த வகைதான், 31.8 சிசி. ஏணி மேல் நின்று இதைப் பிடிப்பதும் ஆபத்துதான். உயரக் கிளைக்கு நீளக் கோல் வைத்த புரூனர் வேறு கருவி, அதைத் தனியாகக் கேளுங்கள்.

தென்னை, தைலமரம், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து சில்வர் ஓக், வேலி ஓர வேம்பு எல்லாம் கலந்து அறுக்கிறவருக்கு 45 சிசி வகை சரியாக இருக்கும். எம்எஸ் 250 என்றால் 45.4 சிசி, 2.3 கிலோவாட், பாரும் செயினும் இல்லாமல் 4.6 கிலோ. 16 அல்லது 18 அங்குல பார்.

பாலக்கோடு, பென்னாகரம், அரூர் வழியில் நிற்கும் பழைய புளியமரத்தின் தூர் அறுக்கிறவருக்கு இரண்டும் போதாது. புளியின் நடுவயிரம் இரும்பு மாதிரி. 70 சிசி சுமார், 20 அங்குலத்துக்கு மேல் பார் உள்ள மெஷின் வேண்டும். 72.2 சிசி எம்எஸ் 382 இந்த வேலைக்கு வருவது. சின்ன மெஷினில் பெரிய பாரை மாட்டிக் கேட்டால் மாட்டிக் கொடுத்துவிடும் கடையும் இருக்கிறது. அப்படி மாட்டினால் எண்ணெய்ப் பம்பு பாரின் நுனி வரை நனைக்காது, கிளட்ச் சூடேறி நழுவும். அந்தக் கடையை விட்டு வந்துவிடுங்கள்.

கம்பெனி டீலர்: போர்டைப் பார்க்காதீர்கள், பெஞ்சைப் பாருங்கள்

விலை இங்கேதான் அதிகம், வாரண்டியும் அசல் ஸ்பேரும் இங்கேதான் நிச்சயம். ஆனால் டீலர் என்ற போர்டு மட்டும் மாட்டி, ரிப்பேர் வந்தால் பார்சல் கட்டி வேறு ஊருக்கு அனுப்புகிற கடையும் அதே போர்டுக்குள்தான் இருக்கிறது. மெஷின் போய்த் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். கூலிக்கு மரம் அறுக்கிறவருக்கு அது வாரக்கணக்கில் வருமானம் இல்லை என்று அர்த்தம்.

கடைக்குள் நுழைந்ததும் ஷோகேஸைத் தாண்டி உள்ளே போய் ரிப்பேர் பெஞ்சைப் பார்க்கக் கேளுங்கள். அங்கே நான்கு பொருள் இருக்கிறதா என்று பாருங்கள். ஒன்று, ரீல் கணக்கில் சுற்றிய செயினும், அதை வெட்டி ரிவெட் அடிக்கும் இரண்டு சின்னக் கைக்கருவிகளும். இவை இருந்தால் உங்கள் பாருக்கு எத்தனை லிங்க் வேண்டுமோ அத்தனைக்கு வெட்டித் தருவார். இரண்டு, சுற்று அளக்கும் டேக்கோமீட்டர். எச் திருகு (முழு வேகத்தில் பெட்ரோல் அளவை மாற்றுவது) உள்ள கார்பரேட்டரைக் காதால் கேட்டு முழு வேகத்துக்கு வைப்பவர் நூறில் ஒருவருக்குச் சரியாக வைப்பார், மற்றவர்களுக்குப் பெட்ரோல் குறைந்து கலவை வறண்டுவிடும். மூன்று, கம்ப்ரெஷன் கேஜ். நான்கு, அழுத்தமும் வெற்றிடமும் பார்க்கிற கைப்பம்பு.

அந்த நான்காவது பொருளைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஒரு டீலரின் தரத்தை இதைப்போல் வேறு எதுவும் காட்டிக்கொடுக்காது.

டூ ஸ்ட்ரோக் என்ஜினில் பெட்ரோலோடு கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்கும் பேரிங்குக்கும் உயவு. உள்ளே வரும் பெட்ரோலே கொஞ்சம் குளிர்ச்சியும் தருகிறது. கிராங்க் தண்டைச் சுற்றி காற்று புகாமல் அடைக்கும் சீல் கசிந்தாலோ, கார்பரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவே உள்ள ரப்பர் குழாய் வெடித்தாலோ காற்று மட்டும் கூடுதலாக உள்ளே போகும். எண்ணெயும் குறைகிறது, குளிர்ச்சியும் குறைகிறது. மெஷின் சீறிக்கொண்டு முன்னைவிட வேகமாக ஓடும். “செமயா ஓடுது” என்று நினைக்கிற அந்த அரைமணியில் பிஸ்டன் கீறி, இறுகி, சீஸ் ஆகிவிடும். இப்போது கடைக்காரர் புது பிஸ்டன், சிலிண்டர் போட்டுக் கொடுத்து, சீலைப் பார்க்காமல் விட்டால் அடுத்த ஐந்து லிட்டருக்குள் அதுவும் கீறும். இரண்டு தடவை பிஸ்டன் மாற்றியும் நிற்காத மெஷின்களில் பெரும்பாலானவை இந்தக் கதைதான்.

கசிவைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. சைலன்சர் வாயையும் கார்பரேட்டர் வாயையும் அடைத்து, பம்பால் 0.5 பார் (இங்கே பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் ஏற்றி 20 விநாடி பார்ப்பார்கள். முள் இறங்கக்கூடாது. பிறகு அதே அளவு வெற்றிடம் இழுத்துப் பார்ப்பார்கள். அழுத்தத்தில் நிற்கும் சீல் வெற்றிடத்தில் கசிவதுண்டு, அதனால் இரண்டும் வேண்டும். பத்து நிமிஷ வேலை. டீலரிடம் நேராகவே கேளுங்கள்: “பிஸ்டன் கீறின மெஷின் வந்தா முதல்ல என்னங்க பாப்பீங்க?” “கிட் மாத்திடலாங்க” என்பது ஒரு பதில். “ஏன் கீறுச்சுன்னு பாக்கணும், பிரஷர் போட்டுப் பாத்துட்டு, டேங்க்ல இருக்கிற பெட்ரோலையும் பாத்துட்டுச் சொல்றேன்” என்பது இன்னொரு பதில். இரண்டாவது பதில் சொன்னவரிடம் மெஷின் வாங்குங்கள், விலை ஆயிரம் இரண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும்.

விற்கும்போது அவர் என்ன செய்கிறார் என்பதும் அடையாளம். பெட்டியோடு கட்டிக் கொடுப்பவர் வெறும் வியாபாரி. நல்ல டீலர் பெட்டியைப் பிரிப்பார், பாரும் செயினும் பூட்டுவார், எண்ணெய் கலந்து ஊற்றுவார், ஓட்டிக் காட்டுவார். ஓடும்போது பாரின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கோ காய்ந்த பலகைக்கோ நேராகப் பிடித்தால் எண்ணெய்க் கோடு விழ வேண்டும், அதைக் காட்டுவார். ஆக்சிலரேட்டரை விட்டால் செயின் அசையாமல் நிற்க வேண்டும். முன் கைக்காப்பைத் தள்ளினால் பிரேக் பட்டென்று பிடிக்க வேண்டும். இத்தனையும் உங்கள் கண் முன்னால் நடந்து, பில்லில் மெஷினின் சீரியல் எண் எழுதி, வாரண்டி பதிவு செய்த பிறகு பணம் கொடுங்கள். ஒன்றைத் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்: சொந்தத் தோப்புக்கு ஓட்டுவதற்கும் கூலிக்கு ஓட்டுவதற்கும் வாரண்டிக் காலம் பல கம்பெனிகளில் வேறு வேறு.

விவசாயக் கருவிக் கடையின் 58 சிசி

ஸ்பிரேயர், களைவெட்டி, மோட்டார் எல்லாம் விற்கும் கடையில் 52 சிசி, 58 சிசி என்று ஸ்டிக்கர் ஒட்டிய சீன மெஷின் கிடைக்கும். கம்பெனி மெஷினில் மூன்றில் ஒரு பங்கு விலைக்கும் கீழே முடிந்துவிடும். இதைத் தொடவே கூடாது என்று சொல்வது நியாயமில்லை. இதற்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது: பல பெயர்களில் வந்தாலும் உள்ளே வார்ப்பு ஒன்றுதான். கார்பரேட்டர், ரீகாயில், கிளட்ச், பிஸ்டன் கிட் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று பொருந்தும், மலிவாகவும் கிடைக்கும். கார்பரேட்டர் கெட்டால் பிரித்துக்கொண்டிருக்காமல் முழுசாகவே மாற்றிவிடுவார்கள்.

பலவீனங்களையும் தெரிந்துகொண்டு வாங்குங்கள். ஸ்டிக்கரில் உள்ள சிசியை நம்ப வேண்டாம். பிஸ்டன் விட்டத்தையும் வீச்சையும் வைத்துக் கணக்குப் போட்டால் பல மெஷினில் எண் குறையும். கூடவே வரும் செயின் மென்மையான இரும்பு, இரண்டு தென்னை அறுப்பதற்குள் முனை மழுங்கும். வாங்கிய அன்றே ஆரிகன் மாதிரி நல்ல செயினாக மாற்றிவிடுவது உத்தமம். இந்த வகைக்குப் பெரும்பாலும் .325 பிட்ச், 1.5 மி.மீ. தடிமன், 20 அங்குல பாருக்கு 76 லிங்க், 22 அங்குல பாருக்கு 86 லிங்க். முடிந்தால் 22 வேண்டாம், 18 கேளுங்கள், 72 லிங்க். என்ஜினுக்கு மூச்சு முட்டாது.

எண்ணெய்க் கலவையில்தான் இந்த மெஷின்கள் அதிகம் சாகின்றன. கம்பெனி மெஷினுக்கு நல்ல டூ ஸ்ட்ரோக் எண்ணெய் 50க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, ஐந்து லிட்டர் கேனுக்கு 100 மில்லி. சீன மெஷின் பலவற்றின் கையேட்டில் 25க்கு 1 என்றிருக்கும், லிட்டருக்கு 40 மில்லி, ஐந்து லிட்டருக்கு 200. வீட்டில் இரண்டு வகையும் இருந்து, ஒரே கேனிலிருந்து இரண்டுக்கும் ஊற்றினால் ஒன்று கெடும். கடைக்காரரிடம் “இதுக்கு எவ்வளவு ஆயிலுங்க?” என்று கேளுங்கள். “ஒரு மூடி ஊத்துங்க போதும்” என்று சொன்னால், அவரிடம் செயின் வாங்கலாம், ஆலோசனை வாங்க வேண்டாம்.

சேலம், பெங்களூரு, ஆன்லைன்

தர்மபுரியிலிருந்து சேலம் 65 கிலோமீட்டர் சுமார். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர். மாடல் அதிகம் பார்க்கலாம், விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாம். பெரிய மெஷினை உள்ளூர் டீலர் வைத்திருக்க மாட்டார் என்றால் அங்கே போவது சரிதான். ஆனால் அரூரில் இருப்பவர் பெங்களூரில் வாங்கிய மெஷினுக்கு ஸ்டார்ட்டர் ஸ்பிரிங் உடைந்தால் எங்கே போவார்? போகுமுன் உங்களுக்குப் பக்கத்திலுள்ள டீலரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்: வேறு ஊர் பில் உள்ள மெஷினை வாரண்டியில் பார்ப்பாரா, வரிசையில் கடைசியில் வைப்பாரா என்று. மற்றபடி வெளியூரை நாங்கள் பரிந்துரைப்பது ஸ்பேருக்கு மட்டும்தான், அதுவும் பார்ட் நம்பரை எழுதிக்கொண்டு போய்.

ஆன்லைனில் சீன மெஷின்தான் அதிகம், விலையும் குறைவு. பெட்டி வந்ததும் யாரும் ஓட்டிக் காட்ட மாட்டார்கள். செயினைத் தலைகீழாக மாட்டி, பல் பின்பக்கம் பார்க்க, “மெஷினு அறுக்கவே மாட்டேங்குது” என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு வருபவர்கள் உண்டு. ஸ்பேரிலும் கவனம் வேண்டும், கம்பெனி அட்டைப்பெட்டி மாதிரியே அச்சடித்த போலி செயினும் பாரும் சுற்றுகின்றன. கையுறை, முகக்காப்பு, அரம், கேஜ் மாதிரிப் பொருள்களுக்கு ஆன்லைன் தாராளமாகப் போதும்.

பழைய மெஷின்

தெரிந்தவர் கையிலிருந்து வாங்கும் பழைய கம்பெனி மெஷின், புது சீன மெஷினைவிட நல்ல வியாபாரமாக அமைவதுண்டு. ஆனால் மூன்று சோதனை செய்யாமல் பணம் கொடுக்காதீர்கள்.

முதலில் மெஷின் குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்குள் சூடுபண்ணி வைத்திருந்தால் குளிர்ந்த ஸ்டார்ட்டில் உள்ள குறை மறைந்துவிடும். அடுத்து, சுவிட்சை அணைத்து, ஸ்டார்ட்டர் கயிற்றின் கைப்பிடியை மட்டும் பிடித்து மெஷினை மெதுவாகத் தூக்குங்கள். கம்ப்ரெஷன் இருந்தால் மெஷின் விட்டு விட்டு, படி படியாக இறங்கும். சர்ரென்று இறங்கிவிட்டால் ரிங்கோ பிஸ்டனோ போயிருக்கிறது. ஸ்டார்ட் இலகுவாக்க டீகம்ப்ரெஷன் வைத்த மெஷினில் இந்தச் சோதனை ஏமாற்றும், அதற்கு கேஜ்தான். 120 பிஎஸ்ஐக்கு மேல் காட்டினால் ஓடும். 100க்குக் கீழே என்றால் விலையைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். சைலன்சர் இரண்டு மூன்று போல்ட்டில்தான் நிற்கிறது. கழற்றிவிட்டு, கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனைத் துவாரத்துக்கு நேராகக் கொண்டுவந்து, போன் டார்ச் அடித்துப் பாருங்கள். நல்ல பிஸ்டனின் பக்கம் மங்கலான வெள்ளியாக, குறுக்கே மெஷின் போட்ட மெல்லிய கோடுகளோடு தெரியும். ரிங் அசையும். மேலிருந்து கீழாக அழுத்தமான கீறல், உருகி இழுத்த மாதிரிப் பூச்சு, ரிங் பள்ளத்தில் ஒட்டிக்கொண்டு கிடப்பது, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அந்த மெஷின் எண்ணெய் இல்லாமலோ வறண்ட கலவையிலோ ஓடியது. கழற்ற விடமாட்டேன் என்கிற விற்பவரிடம் வாங்காதீர்கள்.

ரிப்பேருக்கு டீலரா, ஊர் மெக்கானிக்கா

டிவிஎஸ் 50 ஓசூரில் 1980இல் பிறந்த வண்டி. டூ ஸ்ட்ரோக் தெரிந்த கைகளுக்கு இந்தப் பக்கம் என்றும் பஞ்சமில்லை. மொபெட், ஆர்எக்ஸ் 100 பிரித்துப் பழகிய மெக்கானிக் பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாம் சுத்தமாகவே செய்வார். இடறுகிற இடம் கார்பரேட்டர். வண்டியின் கார்பரேட்டரில் கிண்ணமும் மிதவையும் இருக்கும், வண்டி நிமிர்ந்து நிற்பதால் அது போதும். செயின்சாவைச் சாய்ப்போம், படுக்க வைப்போம், கவிழ்ப்போம். அதனால் மிதவைக்குப் பதில் மெல்லிய சவ்வுதான் பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறது. என்ஜின் உள்ளே அழுத்தம் ஏறி இறங்குவதே இன்னொரு சவ்வைத் துடிக்கவைத்து பெட்ரோலை இழுக்கிறது.

இந்தச் சவ்வுதான் இப்போது அடிக்கடி கெடுகிறது. பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். கலந்த பெட்ரோலை டேங்கிலேயே இரண்டு மாதம் விட்டால் சவ்வு விறைத்து, மெஷின் ஸ்டார்ட் ஆகும், ஆனால் வேகம் கொடுத்தால் அமுங்கி நிற்கும். சவ்வு கிட் மாற்றினால் தீர்கிற வேலை. தெரியாதவர் கார்பரேட்டரின் எல் (குறைந்த வேகம்), எச் (முழு வேகம்) திருகுகளை முன்னும் பின்னும் திருப்பி, ஓட வைத்துவிட்டதாக நினைத்து, வறண்ட கலவையில் அனுப்பிவிடுவார். அடுத்தது பிஸ்டன். வேகம் கொடுத்தால் அமுங்கும் மெஷினுக்குச் சரியான வரிசை இது: ஏர் ஃபில்ட்டர், டேங்கினுள்ளே கிடக்கும் பெட்ரோல் ஃபில்ட்டர், டேங்க் மூச்சுக்குழாய், சைலன்சர் வலையில் கரி, பிறகு சவ்வு. எல்லாம் பார்த்த பிறகுதான் திருகு. முதலில் ஸ்க்ரூடிரைவரை எடுப்பவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

இன்னொரு சிறிய சோதனையும் உண்டு. கிளட்ச்சைக் கழற்றும்போது கவனியுங்கள். அதன் மரை இடது மரை, வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். பிஸ்டன் சுழலாமல் நிறுத்த பிளக் துவாரத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றை விடுபவர் அனுபவசாலி. ஸ்க்ரூடிரைவரை விட்டு நெம்புகிறவர் பிஸ்டன் தலையில் குழி போடுவார்.

எனவே ஸ்டார்ட்டர் கயிறு, ஸ்பிரிங், பிளக், ஃபில்ட்டர், ஸ்ப்ராக்கெட் (செயினை இழுக்கும் பற்சக்கரம்), சாணை ஆகியவற்றுக்கு உள்ளூர் மெக்கானிக்கே போதும், அரைநாளில் கையில் வந்துவிடும். இரண்டு செயின் தேய்ந்தால் ஒரு ஸ்ப்ராக்கெட் மாற்றச் சொல்லுங்கள், தேய்ந்த ஸ்ப்ராக்கெட் புதுச் செயினைச் சீக்கிரம் தின்றுவிடும். கார்பரேட்டர், எண்ணெய்ப் பம்பு என்றால் செயின்சா நிறையப் பார்த்தவரிடம். பிஸ்டன், சீல், கிராங்க் என்றால் பிரஷர் பம்பு வைத்திருக்கும் டீலரிடம் மட்டும், ஐம்பது கிலோமீட்டர் போனாலும் சரி.

சாணையிலும் ஆளைப் பார்க்கலாம். கிரைண்டரில் அழுத்திப் பிடித்து, பல்லின் முனை நீலம் பாய்ந்திருந்தால் அந்த இரும்பின் பதம் போய்விட்டது. அரம் பிடிக்காமல் நழுவும், அறுக்கவும் அறுக்காது. கையால் தீட்டுவதே மேல்: 3/8 லோ புரொஃபைலுக்கு 4 மி.மீ. உருட்டு அரம், .325க்கு 4.8 மி.மீ., பெரிய 3/8க்கு 5.2 அல்லது 5.5. பெரும்பாலான செயினுக்கு 30 பாகை சாய்வு, ஒவ்வொரு பல்லுக்கும் ஒரே எண்ணிக்கை இழுப்பு. பல்லுக்கு முன்னால் உள்ள ரேக்கர் பல்லைவிட சுமார் 0.65 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை யாரும் தொடுவதில்லை. பல் கூராக இருந்தும் மாவு மாதிரித் தூள் விழுவதற்குப் பாதிக் காரணம் உயர்ந்து நிற்கும் ரேக்கர்தான். கேஜ் தகடு வைத்துப் பார்த்துத் தீட்டுகிற கடை கிடைத்தால் பிடித்துக்கொள்ளுங்கள்.

பார் எண்ணெயாக வண்டியிலிருந்து வடித்த கழிவு எண்ணெயை ஊற்றச் சொல்கிற பழக்கம் நம் பக்கம் பரவலாக உண்டு. அதிலுள்ள இரும்புத் தூள் எண்ணெய்ப் பம்பையும் பார் நுனி ஸ்ப்ராக்கெட்டையும் தேய்க்கும். டீலரே அதைச் சொன்னால் அவரிடம் வேறு எதையும் கேட்க வேண்டியதில்லை.

பில்லும் காடும்

காவேரி வடக்கு, காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயங்கள் இந்த இரு மாவட்டங்களின் காட்டை ஒட்டி இருக்கின்றன. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, பென்னாகரம், ஒகேனக்கல் வழியில் செயின்சாவை வண்டியில் வைத்துப் போகிறவர் பில் நகலைக் கூடவே வைத்திருப்பது நல்லது. பில் இல்லாத மெஷின் சோதனைச் சாவடியில் கேள்விக்குரியது. பட்டா நிலமானாலும் சந்தனம் போன்ற மரத்தில் கை வைக்குமுன் வனத்துறையில் அனுமதி கேளுங்கள். இந்த விஷயத்தில் பில் இல்லாமல் விற்கும் கடையின் குறைந்த விலை ஒரு லாபமே இல்லை.

மானியம் பற்றியும் ஒரு வார்த்தை. வேளாண்மைப் பொறியியல் துறையின் இயந்திர மயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிட, பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம், மற்றவர்களுக்கு 40 சதவீதம் என்ற முறை உண்டு. அந்த ஆண்டுப் பட்டியலில் செயின்சா இருக்கிறதா, எந்த மாடல்களுக்கு என்று உழவன் செயலியிலோ உதவிச் செயற்பொறியாளர் அலுவலகத்திலோ வாங்குமுன் பார்த்துவிடுங்கள். வாங்கிய பின் விண்ணப்பித்தால் பலன் இருக்காது.

எங்கள் தீர்ப்பு

சொந்த மாந்தோப்பு, வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள் வேலை என்றால், பக்கத்திலுள்ள கம்பெனி டீலரிடம் 30 சிசி வகை. வெளியூர் வேண்டாம், 58 சிசி வேண்டாம். வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்து, மெஷின் தானாக நிற்கும்வரை ஓட்டி வையுங்கள்.

கூலிக்கு அறுக்கிறவர் என்றால் பிரஷர் பம்பு உள்ள டீலரை முதலில் தேடிப் பிடியுங்கள், அவர் விற்கிற கம்பெனி எதுவோ அதுதான் உங்கள் கம்பெனி. 45 சிசி ஒன்று, புளிய வேலை அடிக்கடி வந்தால் 70 சிசி ஒன்று. முதல் மெஷின் பெஞ்சில் இருக்கும் நாளில் வேலை நிற்காமலிருக்க இரண்டாவதாக ஒரு சீன மெஷின் வைத்துக்கொள்வதில் தவறில்லை, அதன் ஸ்பேர் உங்கள் ஊரிலேயே கிடைத்தால்.

விழுந்த மரத்தைத் துண்டு போட, விறகுக்கு மட்டும், வருஷத்தில் மூன்று நான்கு நாள் என்றால் வாங்கவே வேண்டாம். மெஷினோடு ஆளைக் கூலிக்குக் கூப்பிடுவது மலிவு.

வாங்குகிற நேரமும் கணக்கில் வரும். மாங்காய் முடிந்து கவாத்து தொடங்கும் ஆகஸ்ட், செப்டம்பரில் டீலர் பெஞ்சில் மெஷின்கள் அடுக்கிக் கிடக்கும். சர்வீஸுக்கும் புது மெஷினுக்கும் ஜூனிலேயே போய்விட்டால் மெக்கானிக் நின்று பேசுவார், சவ்வு கிட்டும் இருக்கும். புதுச் செயின் முதல் அரைமணியில் நீளும், அறுப்பை நிறுத்தி, ஆறவிட்டு, ஒருமுறை இழுத்துக் கட்டுங்கள். ஐந்தாறு டேங்க் ஓடியதும் டீலரிடம் ஒருமுறை கொண்டுபோய் ஐடில் வேகமும் போல்ட் இறுக்கமும் பார்க்கச் சொல்லுங்கள்.